நரிக்கு ஒரு என்.ஓ.சி.

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தவரை எல்லோரும் ரயில்வே மாமா என்றுதான் சொல்வோம். கதவிலிருந்த பலகையில் வேறு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தாணேயில் பையன் வீட்டில் உட்கார்ந்தபடி போன் செய்வார். "செக்ரட்டரி, எழுதினதெல்லாம் சரி, வரிக்கும் வரிக்கும் நடுவுல நடக்கக் கொஞ்சம் எடம் விட்டிருக்கலாமே" என்பார். அவரிடம் யார் வாயைக் கொடுப்பது.

மனுஷருக்கு ஒரே ஒரு வியாதி. எந்த வழியும் அடைபட்டிருக்கக் கூடாது. யாருடைய வழி, எங்கே போகிற வழி என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். முகூர்த்த நேரம். மண்டபத்தில் நாற்காலிக்கு நாற்காலி ஒட்டிப் போட்டிருந்தார்கள். இவர் எழுந்துபோய் நடுவில் உட்கார்ந்திருந்தவர்களைக் கிளப்பி, நாற்காலிகளை எடுத்துச் சுவரோரமாக அடுக்க ஆரம்பித்துவிட்டார். "ஒரு அவசரம்னா எப்படி வெளில போவேள்?" கெட்டிமேளம் கொட்டும்போது எழுப்பப்பட்டவர்கள் எல்லாம் கையில் அட்சதையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் தாலி கட்டியதே தெரியவில்லை. பெண்ணின் அப்பா அதற்கப்புறம் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார். "பேசாட்டா போறது. வழி இருந்ததோ இல்லியோ?" என்றார் இவர்.

"இவர் எந்தக் கதவையும் முழுக்கச் சாத்தினதில்லை. பாத்ரூம் உட்பட" என்று மாமி என்னிடம் சொல்லியிருக்கிறார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எல்லாரும் உள்ள பஜ்ஜி சாப்பிடறா, இவர் வாசல்ல நின்னுண்டு செருப்பையெல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுக்கிண்டிருந்தார்."

மாமி வாசலில் தினமும் போடும் கோலத்திலும் அவர் தலையிட்டார். நாலு பக்கமும் மூடியிருந்தால் எறும்பு எப்படிக் குறுக்கே போகும், ஒரு மூலையில் வழி விடு என்று கேட்டார். மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எறும்பு கோலத்தைத் தாண்டிப் போக வரல்லை. தின்னத்தான் வர்றது" என்றார். மாமா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா திரும்பிப் போறதுக்காவது ஒரு வழி விடேன்" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு முப்பது நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய மாமிக்கு எந்த விருது கொடுத்தாலும் தகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் பார்த்தது வழியை அடைக்கிற வேலை. ரயில் பாதையோரம் சுவர் எழுப்பியிருப்பார்கள் இல்லையா, அதில் ஜனங்கள் ஆங்காங்கே ஓட்டை போட்டுக்கொண்டு குறுக்கே போவார்கள். கோவண்டிக்கும் மான்குர்துக்கும் நடுவே அந்த ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து அடைப்பது இவருடைய பொறுப்பு. காலையில் இவர் ஆட்கள் அடைப்பார்கள். சாயங்காலம் ஜனங்கள் திறப்பார்கள். மறுபடி அடைப்பார்கள். அப்படியே ரிட்டயர் ஆகிவிட்டார்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆபீஸ் லோன் போட்டுச் செம்பூரில் இந்த வீட்டை வாங்கி வந்த மூன்றாம் மாதமே, "நீங்க நல்லாப் பேசுறீங்க" என்று சொல்லி என்னை சொஸைட்டிக்கு, அதாவது குடியிருப்போர் சங்கத்துக்கு, செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். நல்லாப் பேசுவது என்றால் சத்தமாகப் பேசுவது என்று அர்த்தம். பதவி ஏற்ற முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாமா வந்து கதவைத் தட்டினார். வேட்டி, மேலே பழைய ரயில்வே கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய்.

"செக்ரட்டரி, பம்ப் ரூமுக்குப் பின்னால செவுத்துல ஒரு ஓட்டை இருக்கு. பாத்தேளோ?"

"பாத்தேன் மாமா. எலி வருதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அடுத்த வாரம் மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கேன், அடச்சிருவோம்."

அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்தே போனேன். "அது ஓட்டையில்லையாக்கும். ஜங்ஷன்" என்றார்.

ஜங்ஷன் என்று அவர் சொன்னதன் விவரம் இது. எங்கள் கட்டடத்துக்கு முன்னால் சாக்கடை, அதைத் தாண்டினால் கழிமுகத்தின் அலையாத்திக் காடு. கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு சொஸைட்டியின் கட்டடம். அதற்கும் பின்னால் மரம் அடர்ந்த குன்று. அலையாத்திக் காட்டில் நரி இருக்கிறது, கீரி இருக்கிறது, உடும்பு இருக்கிறது. இப்போதெல்லாம் மழைக்காலத்தில் கடல் முன்பைவிட உள்ளே ஏறுகிறது. பெய்கிற மழையும் மொத்தமாகக் கொட்டுகிறது. ஹைடைட் என்கிற கடல் ஏற்றமும் மழையும் ஒரே வேளையில் வந்துவிட்டால் கரையோரம் முழுக்கத் தண்ணீர்தான். அதுகளுக்கு மேட்டுக்குப் போயாக வேண்டும். மேடு என்றால் அந்தக் குன்று. குன்றுக்கு இரண்டே வழி. ஒன்று, எங்கள் கேட்டுக்கு அடியில் நுழைந்து, எங்கள் சுவர் ஓட்டை வழியாகப் பின் சொஸைட்டிக்குள் போய், அவர்களுடைய உடைந்த வேலியைத் தாண்டுவது. இன்னொன்று ஹைவே.

"கடல் ஏறித்துன்னா நமக்கு லிப்ட் இருக்கு. அவாளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார் மாமா.

நரியையும் உடும்பையும் அவர் அவா, இவா என்று மரியாதையாகத்தான் சொல்வார். ஓட்டையை அடைக்கும் யோசனையை நான் தள்ளிப்போட்டேன். மிருகங்கள் மேல் கருணை வந்து அல்ல. மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஜங்ஷனை முதலில் உபயோகித்தது நரி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின் சொஸைட்டிக்குச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி ஆள் ஒருவர், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, தலையில் ஹெல்மெட்டோடு தவழ்ந்து போனார். அதைப் பார்த்த மாமா அவருக்கு டார்ச் அடித்து வழி காட்டினார். அப்புறம் பூனை வந்தது. என் வீட்டு ஜன்னலில் காய வைத்திருந்த கருவாட்டோடு அதே வழியில் திரும்பிப் போனது. நான் போய்ச் சண்டை போட்டேன். "ட்ராபிக் வந்துடுத்து பாத்தேளா!" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் காலை ஆபீஸ் நேரத்தில் எங்கள் தெருவில் ஏகப்பட்ட ஹாரன். போய்ப் பார்த்தால் மாமா நடுத்தெருவில் சிவப்புக் கொடியோடு நிற்கிறார். ரயில்வே கொடி. ரிட்டயர் ஆகும்போது திருப்பிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அவருக்குப் பின்னால் ஓர் உடும்பு தெருவைக் கடந்துகொண்டிருந்தது. கடந்துகொண்டிருந்தது என்பது அவருடைய கட்சி. அது நடுவில் வந்ததும் வெயில் சுகமாக இருந்ததால் அங்கேயே படுத்துவிட்டது. ஆட்டோக்காரர், "அரே அங்கிள், மீட்டர் சாலு ஹை!" என்று கத்துகிறார். மீட்டர் ஓடுகிற பயத்தில் உள்ளே இருந்த பெண்மணி அவரைவிடச் சத்தமாகக் கத்துகிறார். சிக்னல் வரை வண்டி நிற்கிறது.

"மாமா, அது நகர மாட்டேங்குது. கொஞ்சம் தள்ளி விடுங்க."

"சிக்னல் விழாம வண்டியைத் தள்ளறதா? நீங்க என்ன பேசறேள் செக்ரட்டரி?"

உடும்பு தானாக எழுந்து, வந்த பக்கமே திரும்பிப் போனது. மாமா அதற்கும் மூஞ்சியைச் சுளிக்கவில்லை. ரிட்டர்ன் டிக்கெட் என்றார்.

இவ்வளவு வரைக்கும் எனக்கு அவர் ஒரு வேடிக்கை. ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, எங்கள் கட்டட மாமா இன்று என்ன செய்தார் தெரியுமா என்று சொல்லிச் சிரிப்பேன். அது பின் சொஸைட்டிக்காரர்கள் ஓட்டையைத் தங்கள் பக்கமிருந்து அடைத்த நாளோடு நின்றது.

பின் சொஸைட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழுக்க நம்மவர்கள். சுத்தபத்தமான கட்டடம். வீடு கொடுப்பது சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு மட்டும். இந்த வீடு வாங்குமுன் அங்கே வாடகைக்குக் கேட்டுப் போனேன். தமிழா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். முகமெல்லாம் மலர்ந்து காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் என்றேன். காப்பி வரவே இல்லை. அந்தக் காப்பியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அங்கே சேர்மன் யார் என்றால், எங்கள் மாமியின் சொந்தத் தம்பி. ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்திலேயே மாமாவுக்கும் வீடு கிடைத்திருக்கும். மாடிப்படிக்கு மாடிப்படி கிரில் கேட் போட்டுப் பூட்டியிருந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் பழைய கட்டடத்துக்கு வந்தவர் அவர். மச்சினருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஒரு நாள் அவர்களுடைய வாட்ச்மேன், காலையில் செடிக்கு நடுவே நரியைப் பார்த்துவிட்டு, புலி புலி என்று கூவியிருக்கிறார். கூட்டம் கூடியது. புலி இல்லை நரி என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது, வேறு கவலை வந்துவிட்டது. நரி மாமிசம் தின்னும். அன்றைக்கே ஒரு தகரத்தைக் கொண்டுவந்து ஓட்டைமேல் வைத்து, அந்தப் பக்கமிருந்து கட்டையில் ஆணி அடித்துவிட்டார்கள்.

மாமா போய்ச் சண்டை போடவில்லை. தகரத்தின் எதிரில் ரொம்ப நேரம் நின்றார். விரலால் தட்டிப் பார்த்தார். "நன்னா அடைச்சிருக்கா" என்று மட்டும் சொன்னார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மழை தொடங்கிச் சில நாளில், ஆபீஸ் போக ஹைவே பக்கம் நடந்தபோது, சிக்னலுக்குச் சற்றுத் தள்ளி மாமா குடையோடு நிற்பதைப் பார்த்தேன். குடை அவருக்கு மேல் இல்லை. கீழே சாலையோரம் ஒரு நரி செத்துக் கிடந்தது. குடையை அதன்மேல் பிடித்துக்கொண்டு அவர் நனைந்துகொண்டிருந்தார். முனிசிபாலிட்டி வண்டி வரும்வரை நிற்பேன் என்றார். நானும் நின்றேன். லேட் மார்க் விழுந்தது, விழட்டும்.

அங்கேதான் அதைச் சொன்னார். வேலையில் இருந்தபோது மான்குர்த் பக்கம் ஓர் ஓட்டை. எத்தனை தடவை அடைத்தாலும் ஜனங்கள் திறந்துவிடுவார்கள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டு, சிமெண்ட் போட்டு, யாராலும் பெயர்க்க முடியாதபடி அடைத்தார். மேலதிகாரி வந்து பார்த்துத் தோளில் தட்டிக் கொடுத்தார். ஜனங்கள் போவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் தள்ளி, பாதை வளைகிற இடத்தில், வருகிற ரயில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கடக்க ஆரம்பித்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண் அங்கே அடிபட்டாள்.

"ஓட்டையை அடைச்சா போறவா நின்னுடுவான்னு நெனச்சேன். நிக்க மாட்டா. அடுத்த எடம் தேடுவா. அடுத்த எடம் எப்பவும் மொத எடத்தைவிட மோசமாக்கும்" என்றார். குடையை நரிமேல் இன்னும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "நான் ரொம்ப நன்னா அடைச்சுட்டேன், செக்ரட்டரி" என்றார்.

மழை பெய்ததால் நான் அழுதது தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து நான் அவர் கட்சி. கூடவே அந்தக் காப்பி ஞாபகமும் சேர்ந்துகொண்டதை மறைப்பானேன். எனக்கும் நரிக்கும் ஒரே கட்டடத்தில் ஒரே காரணத்துக்காகக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

"சட்டப்படி போகலாம் மாமா. என்.ஓ.சி. கேப்போம்" என்றேன்.

பம்பாயில் வீடு மாறியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொஸைட்டி எழுதிக் கொடுக்காமல் ஓர் ஈ, காக்காய் கட்டடத்துக்குள் குடிவர முடியாது. அதற்கு முன் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். அதன்படி நானும் மாமாவும் ஒரு சனிக்கிழமை பின் சொஸைட்டியின் கமிட்டி முன்னால் போய் உட்கார்ந்தோம். நடுநாயகமாக மச்சினர். பக்கத்தில் ஒரு அம்மாள், ஒரு டாக்டர். கேலி செய்வார்கள் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர்கள் கேலி செய்யவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கமான கேள்விகளை வழக்கமான முகத்தோடு கேட்டார்கள்.

"மொதல்ல, பாமிலியா பேச்சிலரா, அத்திம்பேர்?" என்று ஆரம்பித்தார் மச்சினர்.

"பாமிலி. ஆயுசுக்கும் ஒரே ஜோடியாக்கும். அந்த விஷயத்துல நம்ம ஆளுகளைவிட ஒழுங்கு."

டாக்டர் தலையை ஆட்டினார். பேச்சிலர் இல்லை என்றதும் அறையில் பாதி இறுக்கம் தளர்ந்துவிட்டது.

"சத்தம் போடுமோ?" என்றார் அந்த அம்மாள். "பத்து மணிக்கு மேல மியூசிக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"ஊளை மட்டும். சாஹித்யம் கிடையாது."

"சாப்பாடு?"

மாமா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாவல்பழம் சாப்பிடும். இலந்தைப்பழம்னா உசிரு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல என்ன சாப்பிடறதுன்னு நாம எதுக்குப் பாக்கணும்? உங்க காம்பவுண்டுல எலை போட்டு உக்காரப் போறதா? தாண்டிப் போறதுதானே. குர்லால எறங்கி வண்டி மாறறவன்கிட்ட, நீ ஆத்துல என்ன சமைப்பேன்னு கேக்கறோமா?"

"தாண்டிப் போறப்போ வயத்துல இருக்குமே" என்றார் அந்த அம்மாள் கவலையோடு.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஏன் மேடம், நரி வயித்தைத்தான் பாப்பீங்களா? உங்க வீட்டுக்கு வார கேஸ்காரன், பிளம்பர் வயித்துல எல்லாம் என்ன இருக்குன்னு பாத்தீங்களா? நான் மனுசி, என்னையே வேண்டாம்னு..."

"செக்ரட்டரி, கேஸைக் கெடுக்காதீங்கோ" என்று மாமா என் கையைத் தட்டினார்.

மச்சினர் பதினொரு மாசத்துக்கு மேல் கொடுக்கும் வழக்கமில்லை என்றார். மழைக்காலம் மட்டும் போதும் என்றார் மாமா. ஜாமீன் யார் என்றார். நான் என்றார் மாமா. இப்படியே போய்க் கடைசியில் மச்சினர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அத்திம்பேர் சொல்றதால நான் இவ்வளவு தூரம் கேட்டேன். ஆனா நேர்ல பாக்காம யாருக்கும் நாங்க என்.ஓ.சி. குடுத்ததில்லை. அவா ஒரு தரம் வரட்டும். பாத்துட்டு முடிவு பண்றோம்."

வெளியே வந்ததும் நான் குதித்தேன். தட்டிக்கழிக்கிறான் மனுஷன் என்றேன். மாமா குடையை விரித்தபடி, "நேர்ல பாக்கணும்கறான். நியாயம்தானே?" என்றார். மறுநாள் காலை மாமி என்னைக் கூப்பிட்டு, இவர் எங்கேயோ கிளம்பிப் போகிறார், கொஞ்சம் பின்னாலேயே போய்ப் பாரேன் என்றார். போனேன். சாக்கடைப் பாலத்தைத் தாண்டி அலையாத்திக் காட்டோரம் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை. சும்மா நின்றார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, "சொல்லிட்டேன்" என்றார். அது விளையாட்டா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள். காலையிலிருந்து விடாத மழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. டிரெயின் நின்றுவிட்டது. மத்தியானம் ஹைடைட். எங்கள் கேட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து, ஸ்கூட்டர்களின் சீட் வரை ஏறியது. பம்ப் ரூம் பக்கம் மட்டும் கொஞ்சம் மேடு. எங்கள் வாட்ச்மேன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, "மேடம், ஷேர்! ஷேர்!" என்று அலறினார். அவருக்குக் காது முளைத்ததெல்லாம் சிங்கம்.

ஒரு நரி. நனைந்து ஒட்டிப்போய் எலும்பு தெரிந்தது. கூடவே பாதி வளர்ந்த குட்டிகள் இரண்டு. அடித்த தகரத்தின் எதிரில், அந்த மேட்டில், மூன்றும் நின்றுகொண்டிருந்தன. தாய் தகரத்தை ஒரு தடவை முன்காலால் பிறாண்டிப் பார்த்தது. மூன்று மாடியிலும் ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் அது கேட்டைத் திரும்பிப் பார்த்தது. கேட்டுக்கு வெளியே போனால் ஹைவேதான். வனத்துறைக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டோம், வழியெல்லாம் தண்ணீர் என்றார்கள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். மாடியைப் பார்த்துக் கையை ஒரு வீசு வீசினார். அந்த மனுஷருக்கு அப்படியொரு அதிகாரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மொத்தக் கட்டடமும் வாயை மூடியது. நரிக்கு எட்டத்தில், சுவரோரமாகப் போய் நின்று, "டேய், சேர்மன்!" என்று கூப்பிட்டார். நானும் இடுப்பளவு நனைந்து அவர் பின்னால் போய் நின்றேன்.

சுவருக்கு மேலே முதலில் குடை வந்தது. அப்புறம் மச்சினரின் தலை. ஸ்டூல் மேல் ஏறியிருந்தார்.

"மழையில என்ன அத்திம்பேர் இது?"

"நேர்ல பாக்கணும்னியே. வந்திருக்கா."

மச்சினர் எட்டிப் பார்த்தார். நரியும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. இருவருமே கண்ணை எடுக்கவில்லை.

"பாமிலியா?" என்றார் மச்சினர். குரல் கம்மியிருந்தது.

"அம்மையும் குட்டிகளும். அப்பன் ஹைவேல போனான்."

"கமிட்டியைக் கேக்காம நான் எப்படி..."

"கேளு. நன்னாக் கேளு. நான் நிக்கறேன். தண்ணி நிக்குமோன்னு அதையும் கேட்டுடு."

தலை மறைந்தது. குடையும் மறைந்தது. போயே போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்த திருநெல்வேலி வார்த்தைகளை மாமா பக்கத்தில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். தண்ணீர் மேட்டைத் தொட்டது. ஒரு குட்டி காலைத் தூக்கி உதறியது. தாய் கேட்டைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அந்தப் பக்கம் ஆணி கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. தகரம் ஒரு பக்கமாக விலகியது. குட்டிகள் இரண்டும் யோசிக்கவே இல்லை, நுழைந்து ஓடிவிட்டன. தாய் போகவில்லை. திரும்பி வந்து, பம்ப் ரூம் மூலையில் தான் வைத்திருந்த ஒன்றை வாயில் கவ்வியது. அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். நண்டு. சேற்று நண்டு, என் உள்ளங்கையைவிடப் பெரியது. நல்ல சதைப்பிடிப்பு. அந்த நேரத்திலும் எனக்குக் குழம்பு ஞாபகம் வந்ததை என்னவென்று சொல்ல.

நரி நண்டோடு ஓட்டையை நெருங்கியபோது, அந்தப் பக்கம் மச்சினர் குனிந்து பார்த்தார். கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர்.

"வாயில என்ன, அத்திம்பேர்?"

மாமா பொய் சொல்லத் தெரியாதவர். உடம்பு சரியில்லை என்று லீவ் எழுத மனசு வராமல், மேட்ச் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து மெமோ வாங்கியவர் என்று மாமி சொல்லியிருக்கிறார். அவர் நரியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"குட்டி" என்றார்.

குட்டி இரண்டு கொடுக்கையும் விரித்து ஆட்டியது.

"செக்ரட்டரி மேடம், குட்டிதானா?"

"குட்டிதான் சார்" என்றேன். "பச்சப் புள்ள. இன்னும் கண்ணுகூடத் தொறக்கல."

மச்சினர் கண்ணாடியைக் கழற்றினார். ஈரச் சட்டையில் துடைத்தார். துடைத்தவர் போட்டுக்கொள்ளவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தகரத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்கோ, அத்திம்பேர். எங்க ஆளுகள் பாத்தா, குட்டிக்குக் கால் எத்தனைன்னு எண்ணிடுவா."